பால் சொசைட்டி மாடியில் நோக்குநிலை

ஆடி மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை விடிந்தபோது நொச்சிப்புதூரில் இருந்த அத்தனை பேரும், வாய்க்கால் கரையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர்களும், ஸ்கூட்டரில் பால் கேனோடு போய்க்கொண்டிருந்தவரும், கண்ணாடி முன்னால் பொட்டு வைக்கப் போன பெண்களும், தோட்டத்தில் வாழையிலை அறுத்துக்கொண்டிருந்த என் அப்பாவும், ஒரே நேரத்தில் ஒரு இட்லிக் கொப்பரையின் மூடி திறப்பதைப் பார்த்தோம். ஆவி எழுந்தது. ஆவி விலகியதும் துணி தெரிந்தது, துணிமேல் இட்லி தெரிந்தது. பால்காரர் பள்ளத்தில் விழுந்தார். விழுந்த பிறகும் அவருக்கு இட்லிதான் தெரிந்தது. மணிக்கட்டில் பழைய தீக்காயம் இருந்த ஒரு கை வந்து தட்டைத் தூக்கியபோது, இருட்டில் தடுமாறுகிறவரைப் போலக் கையை நீட்டிக்கொண்டு தெருவில் நின்ற யாரோ கத்தினார்கள்: "ஏ, இது நம்ம சண்முகத்தாயி கையில்லா!"

ஆமாம், அது சண்முகத்தாயின் கை. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இட்லிக் கடை போட்டிருப்பவள். அன்று விளக்கு வைக்கும் நேரம்வரை ஊர் முழுவதும் அவள் பார்த்ததைத்தான் பார்த்தது. விளக்கு வைத்ததும் அவரவர் கண் அவரவருக்குத் திரும்பியது. மறுநாள் காலை, மேலத்தெருவில் இருக்கும் நான்கு வயதுப் பெண்குழந்தையின் கண் எல்லோருக்கும் வந்தது. பெரியவர்கள் எல்லோரும் முழங்காலாகத் தெரிந்தார்கள், நாய்கள் மாடுபோல் தெரிந்தன, ஒரு எறும்பு வரிசையைப் பார்த்தபடி ஊர் பாதி நாளைக் கழித்தது.

மூன்றாம் நாள் வெளியூரிலிருந்து ஒரு டாக்டர் வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிப் போனார். வெளியூர்க்காரர் என்பதால் அவர் கண் அவருக்கே இருந்தது. ஊருக்குக் கிழக்கே ஆற்றுப்பாலம் இருக்கிறது. அதைத் தாண்டிப் போனவர்களுக்கு அவரவர் கண் திரும்பியது. திரும்பி வந்தால் மறுபடியும் இப்படித்தான். ஆனாலும் ஊரைவிட்டு யாரும் போகவில்லை. ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. அறுக்காமல் விட்ட இலை காற்றில் கிழிந்து நாராகிவிடும் என்பதால், என்ன ஆனாலும் இலையை அறுத்துக் கட்டு கட்டி லாரியில் ஏற்றித்தான் ஆக வேண்டும். எங்கள் ஊரில் பாதிப்பேர் இலைக்காரர்கள். கைக்குப் பழகிய வேலை, கண் இல்லாமலும் நடந்தது. வாழைநாரில் கயிறு திரித்து வீட்டிலிருந்து வீட்டுக்கும், தெருவிலிருந்து தோட்டத்துக்கும் கட்டினார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டே ஊர் நடக்கப் பழகியது.

பிறகு என்னிடம் வந்தார்கள்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் காலடி வைத்த முதல் ஆள் நான். எம்.ஏ. தமிழ். படித்து முடித்தும், நான் சொல்வது தவறாக இருந்துவிடுமோ என்ற பயம் எனக்குப் போகவில்லை; யாராவது கேள்வி கேட்டால் உள்ளங்கை வேர்த்துவிடும். ஊர்த்தலைவர் பரமசிவன் எங்கள் வாசலில் கயிற்றைப் பிடித்தபடி நின்று, "எலே ஆவுடை, நீ அவ்வளவு படிச்சிருக்கியே, இதுக்கு ஏதாச்சும் பேரு இருக்கா?" என்று கேட்டார்.

நான் யோசித்துத்தான் சொன்னேன். "ஒரு கதையை யாருடைய கண் வழியாச் சொல்றாங்களோ, அதுக்கு நோக்குநிலைன்னு பேருங்க மாமா. இது அதுவா இருக்கலாம். நிச்சயமாத் தெரியாது."

"அப்ப வியாதி இல்லைங்கியா?"

"பாடத்துல வியாதின்னு போடலை."

கூட்டம் சிரித்தது. ஒரு பெயர் கிடைத்ததில் ஊருக்கு வந்த நிம்மதியை நான் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் காலையிலேயே, "இன்னைக்கு நோக்குநிலை யாருக்கு?" என்று ஒருவரையொருவர் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த ஒரு சொல் போதவில்லை. வேறென்ன படித்தாய் என்று கேட்டுக் கேட்டு, கதைமாந்தர், களம், முரண், உச்சம் என்று ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார்கள். ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி இன்னொருத்தியை, "நீ துணைப்பாத்திரம்தானட்டி, தள்ளி நில்லு" என்றாள். அதற்கு அவள், "ஆமா, நீ பெரிய தலைவி, ஒனக்காகத்தான் மண்ணெண்ணெய் வருது" என்றாள். டீக்கடையில் புருசன் பெண்டாட்டி சண்டையைப் பற்றிப் பேசினால், முரண் இருக்கிறது, உச்சம் இன்னும் வரவில்லை என்று பேசினார்கள்.

சாலையில் நடக்க வழி கண்டுபிடித்தவளும் சண்முகத்தாய்தான். நோக்குநிலை யாருக்கு வருகிறதோ அவரைக் கடைத்தெரு நடுவில் இருக்கும் பால் சொசைட்டியின் மொட்டை மாடியில் உட்கார வைத்துவிட்டால், அவர் கண்ணில் தெரு முழுவதும் தெரியும். தெருவில் நடக்கிறவன் தன்னையே மேலிருந்து பார்த்து, தன் உருவத்தைத் தானே நடத்திக்கொண்டு போகலாம். அப்படியே ஆயிற்று. மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மேலே சாக்குப் படுதா கட்டினார்கள். உட்காருகிறவருக்கு வேளைக்கு டீயும் வடையும் வந்தன. அவர் தூங்கக் கூடாது, வெகுநேரம் வானத்தைப் பார்க்கக் கூடாது, தெருவில் ஆள் இருக்கும்போது குனிந்து கால் நகத்தைப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் மைக்கோடு என்னை உட்கார வைத்தார்கள். "நோக்குநிலை இப்போது ரைஸ்மில் பக்கம் திரும்புகிறது, அந்தப் பக்கம் நடக்க வேண்டியவர்கள் நடக்கலாம்" என்று சொல்வது என் வேலை. படித்ததற்கு எனக்குக் கிடைத்த முதல் வேலை அது.

இந்த இடத்தில் இன்னொன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. என் தங்கை கோமதி, ஆனி மாதத்திலேயே, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்துத் தெருவைச் சேர்ந்த தவசியைப் பதிவுத் திருமணம் செய்திருந்தாள். மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிறவன். கேட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் அந்தப் பக்கத்தில் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதும் இல்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்டது நான். தவசி திருப்பூரில் வீடு பார்க்கப் போயிருந்தான். வீடு அமைந்து தகவல் வந்ததும் அவள் பஸ் ஏறிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அதுவரை அப்பாவுக்கும், கோமதியைத் தனக்கென்று பேசி வைத்திருந்த அம்மாவின் தம்பி வண்டிமலை மாமாவுக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் அவள் உயிரோடு இருக்க மாட்டாள். இதை நான் பயத்தில் பெரிதாக்கிச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அதற்கு முன்பும் நடந்திருக்கிறது, வயிற்று வலி என்று சொல்லி எரித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

அதனால் ஒவ்வொரு விடியலிலும் கண்ணை மூடிக்கொண்டு, இன்று யார் கண் தெரியப்போகிறது என்று படுத்துக் கிடப்பேன். மூடினாலும் தெரியும் அல்லவா. எங்கள் வீட்டுச் சமையலறை தெரியாத ஒவ்வொரு காலையிலும் எனக்கு மூச்சு வந்தது.

ஆடி நகர்ந்தது. ஊர்த்தலைவர் பரமசிவனுக்கு நோக்குநிலை வந்த அன்று, அவர் மாடியில் கம்பீரமாக உட்கார்ந்து தெருவைப் பார்த்தார். அவர் கண்ணில் எங்கள் தெரு ஆட்கள் எல்லோரும் மூக்கும் முழியுமாகத் தெரிந்தார்கள். கேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் முகம் இல்லை. சட்டை இருந்தது, நடை இருந்தது, தலைமுடி இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடம் கழுவி விட்ட தரைபோல் வெறுமையாக இருந்தது. ஊர் அதிர்ந்து போய்விட்டது. "ஐயோ, எனக்கே இப்பத்தான் தெரியும்யா" என்று அவர் மாடியிலிருந்து அழாத குறையாகச் சொன்னார். கீழே, முகமில்லாத ஒரு உருவம் நின்று மேலே பார்த்து, "எங்களுக்கு எப்பவோ தெரியும் தலைவரே, நீங்க டீ குடிங்க" என்றது.

துப்புரவு வேலை பார்க்கும் மரியபுஷ்பத்துக்கு வந்த அன்று இன்னும் மோசம். மாடிக்கு ஏறும் முன் அவள் டீக்கடையில் டீ கேட்டாள். முன்னால் நின்றவருக்குக் கண்ணாடி கிளாசில் டீ வந்தது. இவளுக்குப் பேப்பர் கப்பில் வந்தது, கடைக்காரர் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். தினமும் நடப்பதுதான். ஆனால் அன்று ஊரே அந்தக் கையை, இழுத்துக்கொண்ட வேகத்தோடு, வாங்குகிற இடத்திலிருந்து பார்த்தது. கடைக்காரரும் தன் கையைப் பார்த்தார். மறுநாள் எல்லோருக்குமே பேப்பர் கப் என்று அட்டை எழுதித் தொங்கவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு சாயங்காலம், அவரவர் கண் திரும்பிய பிறகு, பால் சொசைட்டி வாசலில் சண்முகத்தாய் என்னைக் கேட்டாள். "தம்பி, ஒங்க பாடத்துல இதுக்கு அடுத்தது என்ன?"

நான் மறைத்திருக்கலாம். நினைத்தும் பார்த்தேன். ஆனால் நாளைக்குத் திடீரென்று வந்தால் ஊர் தாங்காது என்று தோன்றியது. "இப்ப நமக்குத் தெரியறது வெளியே உள்ளது மட்டும்தாங்க அக்கா. கண்ணு என்ன பாக்குதோ அது. இன்னொரு வகை இருக்கு. அதுல அந்தப் பாத்திரத்தோட மனசும் தெரியும். நினைக்கறது, நெனவுல வர்றது, எல்லாம்."

பால் அளக்கிற பையனின் கையிலிருந்த லிட்டர் குவளை தரையில் விழுந்து உருண்டது.

"மனசா?" என்றார் பரமசிவன். "மனசு எப்படில தெரியும்? அது உள்ளே இல்லா இருக்கு?"

"வரலாம்னுதான் சொல்றேன் மாமா. வராமலும் போகலாம்."

அன்றிலிருந்து ஊர் மனசைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தது. மனசு தெரிந்து ஊர் சிரிப்பதைவிட நாமே சொல்லிவிடுவது நல்லது என்று, விளக்கு வைத்ததும் வீட்டுக்கு வீடு புருசனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து ஒப்புக்கொண்டார்கள். ஒரு வீட்டில் அழுகை கேட்டது, இன்னொரு வீட்டில் சிரிப்பு கேட்டது, மூன்றாவது வீட்டில் பாத்திரம் பறந்தது. வண்டிமலை மாமாகூட எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவின் ஒரு மூக்குத்தி சிறுவயதில் காணாமல் போனது தன்னால்தான் என்று சொல்லிவிட்டு இரண்டு தோசை சாப்பிட்டுப் போனார்.

அன்று அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த கோமதியிடம் மெதுவாகக் கேட்டேன். "நாமளே அப்பாகிட்ட சொல்லிரலாமா?"

"சொல்லி?"

"ஊர்ல எல்லாரும் சொல்றாங்கள்லா. இப்ப ஒரு நேரம். இந்த நேரத்துல மன்னிச்சுரலாம்."

அவள் கழுவிய தட்டைக் கவிழ்த்தாள். "அண்ணே, மூக்குத்தியும் நானும் ஒண்ணா?"

"அப்பா நல்ல மனுசன்தான் கோமு. ஊரே சொல்லுது."

"ஊருக்கு நல்ல மனுசன்தான்" என்றாள். "தவசி புதன்கிழமை தகவல் சொல்லுதேன்னிருக்காரு. ரெண்டே நாளு. நீ வாயை மூடிக்கிட்டு இரு. நான் மனசை மூடிக்கிட்டு இருக்கேன்."

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது எங்கள் வீட்டுச் சமையலறை தெரிந்தது.

கரி படிந்த சுவர், அம்மாவின் முதுகு, அடுப்பில் பால். நான் பாயில் படுத்தபடி எங்கள் வீட்டை என் தங்கையின் கண்ணால் பார்த்தேன். வெளியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நம்ம சுடலையாண்டி வீடு! கோமதிக்கு வந்திருக்கு!" என்று என் அப்பா பெயரைச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். அப்பா அதற்கு முன்பே தோட்டத்துக்குப் போயிருந்தார். அவளுக்குப் பூ வைத்து, பொட்டு வைத்து, இரண்டு பெண்கள் மாடிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நான் மைக்கோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தெருவைப் பார்த்தாள். ஊர் நடக்க ஆரம்பித்தது.

முதலில் ஒன்றும் இல்லை. நல்ல நிதானமான பார்வை என்று கீழே பாராட்டினார்கள். ஒரு விசயம் மட்டும் சிலருக்கு வித்தியாசமாகப் பட்டது. தெருவில் எந்த ஆண் வந்தாலும் அவள் பார்வை முதலில் அவன் கைக்குப் போயிற்று. பை இருக்கிறதா, குடை இருக்கிறதா, வெறுங்கையா. பிறகுதான் மற்றதெல்லாம். "என்னட்டி எல்லார் கையையும் பாக்க, மோதிரம் கேக்கியா?" என்று சண்முகத்தாய் கீழிருந்து கேட்டாள். தெரு சிரித்தது. கோமதியும் சிரித்தாள்.

டீ வந்தது. அவள் ஒரு வாய் குடித்தாள்.

*சீனி ரொம்பக் கூட.*

அதை அவள் சொல்லவில்லை. ஆனால் நான் கேட்டேன். காதில் கேட்கவில்லை, என் நினைப்பு எங்கே ஓடுமோ அங்கே அவள் குரல் ஓடியது. கீழே டீக்கடைக்காரர், "கூடவா? அளவாத்தானம்மா போட்டேன்" என்றார்.

தெரு நின்றது. பிறகு ஒவ்வொருவராகப் புரிந்து, நூற்றுக்கணக்கான முகங்கள் மேலே திரும்பின. திரும்பியதை அவள் பார்த்தாள், அவள் பார்த்ததை நாங்கள் பார்த்தோம்.

*கேக்குதா? இவங்களுக்குக் கேக்குதா? நினைக்காத. நினைக்காத. பாலு. பாலு கேனு. ரைஸ்மில்லு. ஒண்ணு ரெண்டு மூணு. அவரை நினைக்காத, பேரை நினைக்காத*

நினைக்காதே என்று நினைத்த இடத்திலேயே தவசி வந்து நின்றான். அவன் ஸ்குரூ டிரைவரைக் காதில் சொருகியிருக்கிற விதம் வந்தது, பதிவு அலுவலகத்தின் பச்சைச் சுவர் வந்தது, மாலை வாங்க மறந்து பக்கத்துக் கடையில் இரண்டு ரோஜாப்பூ வாங்கியது வந்தது, நான் குனிந்து கையெழுத்துப் போட்டபோது என் சட்டைக் காலர் கிழிந்திருந்தது வந்தது. அத்தனையும் ஒரு மூச்சுக்குள், ஊரிலிருந்த ஒவ்வொரு தலைக்குள்ளும் வந்தது. வாய்க்கால் கரைக்கும் போயிற்று, பள்ளிக்கூடத்துக்கும் போயிற்று, கோயிலுக்கும் போயிற்று, வாழைத்தோட்டத்தில் அரிவாளோடு நின்ற அப்பாவுக்கும் போயிற்று.

என் கையிலிருந்த மைக் ஆன் செய்தபடியே இருந்தது. என் மூச்சு ஒலிபெருக்கியில் ஊருக்கெல்லாம் கேட்டது.

வண்டிமலை மாமா தெரு நடுவில் நின்றார். மேலிருந்து பார்க்க அவர் ரொம்பச் சின்னதாக இருந்தார். "எங்க அக்கா பெத்த கழுதையா நீ!" என்று கத்தினார். கேட்டுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் கயிற்றை விட்டுவிட்டுச் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்கள். அடுத்து எங்கே தீ வைப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

*ஓடணும். எங்க ஓட? எங்க ஓடினாலும் அப்பாவுக்குத் தெரியும். என் கண்ணுதான் அவருக்கும் கண்ணு.*

அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தோட்டத்திலிருந்து வருகிற கயிறு தெருவில் சேரும் முனையைப் பார்த்தபடி இருந்தாள். ஊரும் வேறு வழியில்லாமல் அந்த முனையையே பார்த்தது. ஆடிக்காற்று படுதாவை அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காத்திருப்பில் எங்கள் எல்லோருக்கும் அவள் பயம் வந்தது. பயத்தைக் கண்டு வருகிற இரக்கம் வேறு. இது அவள் பயமேதான். டீக்கடைக்காரர் பிறகு சொன்னார், அவர் நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதாம். பரமசிவன் கயிற்றைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பெண்பிள்ளைக்கு இப்படியா இருக்கும் என்று அந்தத் தெருவில் இருந்த ஆண்கள் அப்போதுதான் அறிந்தார்கள். பெண்கள் யாரும் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

அப்பா முனையில் வந்தார்.

ஒரு கையில் கயிறு. இன்னொரு கையில் இலை அறுக்கிற அரிவாள், வாழைப்பால் கறை பிடித்தது. தெருவுக்கு வந்ததும் கயிற்றை விட்டார். இனி அவருக்குக் கயிறு வேண்டாம், மகள் கண்ணில் தன்னையே பார்த்து நடக்கலாம். நடந்தார். யாரும் தடுக்கவில்லை. "விடாதீய அத்தான்!" என்று வண்டிமலை மாமா கத்தினார். "கண்ணை மூடிரு தாயி! நீ மூடிட்டா அவருக்கு வழி தெரியாது!" என்று சண்முகத்தாய் அலறினாள்.

*மூட மாட்டேன். அவரும் பாக்கட்டும்.*

பால் சொசைட்டி வாசலுக்கு வந்தவர் படிக்கட்டுக்குள் மறைந்தார். கோமதி நாற்காலியில் திரும்பி, படிக்கட்டுக் கதவைப் பார்த்தாள். அப்படித் திரும்பியபோது அவள் கண்ணின் ஓரத்தில் ஒல்லியாக ஒருவன் தெரிந்தான். கையில் மைக், வாய் பாதி திறந்திருந்தது, முகத்தில் பரீட்சைக் கூடத்துப் பயம். அது நான்தான் என்று புரிய எனக்கு நேரமாயிற்று.

*அண்ணன் நகர மாட்டான். சரியான சொல்லைத் தேடிக்கிட்டு நிப்பான்.*

ஊர் முழுவதற்கும் அது கேட்டது. படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்த அப்பாவுக்கும் கேட்டிருக்கும். அதில் கோபம் இல்லை. மழை வரும் என்பதுபோல், இருப்பதை நினைத்தாள், அவ்வளவுதான். நான் காலை எடுத்து வைத்தேன். அந்த ஒல்லியானவன் காலை எடுத்து வைத்தான். இன்னொரு அடி. அவன் அவள் பார்வைக்கு நடுவே வந்தான், முதுகு தெரிந்தது, கிழிந்த காலர் தெரிந்தது. கதவு திறந்தது.

"எலேய், தள்ளு."

"மாட்டேன்ப்பா."

"கையெழுத்துப் போட்ட கைதானல அது? அதைத்தான் முதல்ல எடுப்பேன்."

அவர் என் தோளைப் பிடித்து ஒதுக்கினார். நான் விழுந்தேன்; விழுந்ததை அவள் கண்ணால் பார்த்தேன். எழுந்து மறுபடியும் குறுக்கே போனேன். அதற்குள் அவர் அரிவாளை ஓங்கியிருந்தார். ஓங்கியவர் அப்படியே நின்றார்.

ஏனென்றால் ஓங்கிய அரிவாள் இறங்க வேண்டிய இடத்தைப் பார்க்க அவருக்குக் கண் இல்லை. அவருக்குத் தெரிந்தது ஓங்கிய கைதான். ஊருக்குத் தெரிந்ததும் அந்தக் கைதான். கருத்த முழங்கை, நரம்பு, வாழைக்கறை, விரல்கள், அரிவாள். அவ்வளவு துல்லியமாக ஒரு கையை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. கைக்கு மேலே, தோளுக்கு மேலே, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. கழுவி விட்ட தரைபோல் இருந்தது.

அப்பா தலையை ஆட்டினார். முகமில்லாத அந்த உருவமும் தலையை ஆட்டியது.

"ஏட்டி" என்றார். "என்னட்டி இது? அப்பா மூஞ்சியப் பாரு."

*பாக்கத்தான் செய்யுதேன்.*

"மூஞ்சியப் பாருட்டி!"

அவள் முயன்றாள். அவள் முயன்றது எங்களுக்குத் தெரியும், நாங்கள் எல்லோரும் அவளோடு சேர்ந்து முயன்றோம். அவள் நினைவில் போய்த் தேடினாள். அல்வாப் பொட்டலம் பிடித்த கை வந்தது. பெல்ட்டை உருவுகிற கை வந்தது. தலையில் எண்ணெய் வைத்த கை, சோற்றுத் தட்டை எறிந்த கை, சைக்கிள் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்த கை, அம்மாவின் முடியைச் சுற்றிய கை, திருவிழாவில் பலூன் பிடித்த கை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பாள். அதற்கேற்றபடி ஓடுவாள் அல்லது சிரிப்பாள். ஒவ்வொரு நாளும், நடக்கத் தெரிந்த நாளிலிருந்து. அத்தனை நாளிலும் அந்தக் கைக்கு மேலே ஒரு முகம்கூட இல்லை. ஊரே சேர்ந்து தேடியும் அவளிடம் என் அப்பாவின் முகம் கிடைக்கவில்லை.

"எங்கிட்ட உங்க மூஞ்சி இல்லப்பா" என்றாள் கோமதி. வாய்விட்டுத்தான் சொன்னாள். "நேரம் இருந்ததே இல்ல. கையைப் பாக்கவே சரியா இருந்துச்சு."

மைக் தரையில் கிடந்தது. அது ஊர் முழுவதும் ஒலித்தது.

அரிவாள் எப்போது கீழே வைக்கப்பட்டது என்று என்னால் சொல்ல முடியாது, அவள் அதன் பிறகும் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அரிவாள் போன வழியைப் பார்க்கவில்லை. கை வெறுங்கையாயிற்று. வெறுங்கை எழுந்து, முகமில்லாத அந்த இடத்தைத் தடவிப் பார்த்தது. மூக்கு இருக்கிறதா, கண் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல். பிறகு அவர் மாடியின் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கீழே வண்டிமலை மாமா மறுபடியும் கத்த ஆரம்பித்தார். சண்முகத்தாய் அவரிடம், "சும்மா கெட. ஒன் கையையுந்தான் அவ மொதல்ல பாத்தா காலையில" என்றாள்.

படிக்கட்டில் அம்மா ஏறி வந்தாள், சுவரைத் தடவியபடி. கையில் ஒரு துணிப்பை. அதில் கோமதியின் நான்கு சேலைகளும் சான்றிதழ்களும் இருந்தன. அம்மா எப்போது எடுத்து வைத்தாள், எத்தனை நாளாக எடுத்து வைத்திருந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. "மத்தியானப் பஸ்ஸு வரும்" என்றாள். "டிரைவர் வெளியூர்க்காரர், கண்ணு இருக்கும்."

நான் கோமதியைப் பேருந்து நிறுத்தத்துக்குக் கூட்டிப் போனேன். சரியாகச் சொன்னால் அவள்தான் என்னைக் கூட்டிப் போனாள். தெரு விலகி வழி விட்டது. பஸ் கிளம்பியது. அவள் பின் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்ததால், கயிறுகளால் ஒன்றோடொன்று கட்டப்பட்ட எங்கள் ஊர் சின்னதாகிக்கொண்டே போவதை நாங்கள் எல்லோரும் ஊரில் நின்றபடியே பார்த்தோம். பால் சொசைட்டி மாடியில் ஒரு உருவம் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து யாருக்குமே முகம் இல்லை.

கண்டக்டர் வந்தார். அவள் முதலில் அவர் கையைப் பார்த்தாள்.

*டிக்கெட்டுதான்.*

பஸ் பாலத்தில் ஏறியது. அத்தோடு எங்களுக்கு அவரவர் கண் திரும்பியது. மறுநாளும் அப்படியே இருந்தது, அதற்கு மறுநாளும். நோக்குநிலையை அவள் பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று ஊரில் சொல்கிறார்கள். கயிறுகளை அவிழ்த்துத் துணி காயப்போட வைத்துக்கொண்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் இப்போது பால் சொசைட்டிக் கணக்கர் உட்காருகிறார். என்னிடம் கற்ற சொற்களைப் பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். தவசிக்கும் அவளுக்கும் திருப்பூரில் வீடு அமைந்துவிட்டது. போனில் பேசும்போது அவள் அப்பாவைப் பற்றிக் கேட்பதில்லை. நானாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறாள்.

சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. தோட்டத்திலிருந்து வந்ததும் அப்பா அரிவாளை வெளியே சுவரில் செருகிவிட்டு, வாசல்படியில் நின்று, இரண்டு கையையும் விரித்துக் காட்டுகிறார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். கையைப் பார்க்கிறாள். அவள் பார்வை இன்னும் மேலே வருகிறதா என்று அப்பா வாசலிலேயே காத்துக்கொண்டு நிற்கிறார். சில நாள் வருகிறது. சில நாள் அவள் திரும்பி, சோற்றை வடிக்கப் போய்விடுகிறாள்.